பெயரை மட்டும் எடுத்துவிட்டு

ஜூலை 9, ஞாயிறு

முதல் வகுப்பு. பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஒன்பதரைக்கே சேலை மாற்றி, தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். எல்லாரும் கேமராவை அணைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் அலங்காரத்தைப் பார்க்க நாதியில்லை. வீட்டுக்காரர் மட்டும் அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன உலகம், பொண்ணு பாக்க வாராவளா?" என்றார். மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்திலிருந்து இறங்கினாலும் வாய் இறங்காது.

எம்.எஸ்சி. ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ், தொலைநிலைக் கல்வி. நோயாளிகளைப் பற்றிய தகவலைக் கணினியில் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, அதிலிருந்து நாலு பேருக்கு உதவுகிற மாதிரி ஏதாவது கண்டுபிடிக்கிற படிப்பு. நாற்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று என்னை நானே கேட்டுக்கொண்டுதான் சேர்ந்தேன். தென்காசியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட் அறை என் பொறுப்பு. மாடியில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் பேர் தெரியாது. 'ஃபைல் அக்கா' என்பார்கள். உலகம்மாள் என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர், ஃபைல் கட்டுக்குள் போய்விட்டது. ஒரு பட்டம் வாங்கினாலாவது பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்களா பார்ப்போம்.

ஜூலை 23, ஞாயிறு

ஒன்றரை மணி நேர வகுப்பில் எனக்குப் புரிந்தது, "குட் மார்னிங்" ஒன்றுதான். மற்றவர்கள் நீள நீளமாகச் சந்தேகம் டைப் செய்தார்கள். நான் கடைசியில் "தேங்க் யூ சார்" என்று போட்டேன். அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. கூசிப் போனேன்.

ஒரே நன்மை, ரேணுகாதேவி. சிவகிரிக்காரி, ஸ்கேன் சென்டர் ஒன்றில் வேலை. வகுப்பு முடிந்ததும் அவளே போன் செய்தாள். "அக்கா, எனக்கும் ஒண்ணும் புரியல. நம்ம ரெண்டு பேரும் சேந்து முழிப்போம்" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அசைன்மென்ட். அவரவர் வேலை பார்க்கும் இடத்துத் தகவலை வைத்து, அடையாளங்களை நீக்கி, பதினைந்து நிமிடம் பேச வேண்டுமாம். ஐம்பது மார்க்.

பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டேன். வார்டு ரவுண்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "தாராளமா பண்ணுங்கம்மா. பேரை மட்டும் எடுத்துட்டுப் போடுங்க" என்று நடந்துகொண்டே சொன்னார்.

ஆகஸ்ட் 26, சனி

ஒரு வாரமாக மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே வேலை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். வாராவாரம் திருநெல்வேலியிலிருந்து வரும் நரம்பு டாக்டரின் நோயாளிகளை எடுத்துக்கொண்டேன். பேர், போன் நம்பர், கதவு எண் எல்லாம் நீக்கியாயிற்று. வயது, ஊர், தொழில், நோய், மருந்து, வந்த தேதி மட்டும் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், யார் பாதியில் வராமல் நிற்கிறார்கள் என்று படம் போட்டால் பளிச்சென்று தெரிகிறது. இத்தனை வருஷம் கட்டிக் கட்டி அடுக்கியதற்குள் இப்படி ஒரு விஷயம் இருந்திருக்கிறது. எனக்கே பெருமையாக இருந்தது.

'ஒரு நோயாளியின் பயணம்' என்று ஒரு ஸ்லைடு கட்டாயம் வேண்டும். மாசம் தவறாமல் வந்து மாத்திரை வாங்குகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டேன். அவ்வளவு சுத்தமான ரெக்கார்ட். இருபத்தாறு வயது. வலிப்புக்கு மருந்து. ஒரு கிராமத்தில் கிளை போஸ்ட்மாஸ்டர். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதால் பல வருஷமாக வலிப்பு ஒரு தடவை கூட வரவில்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நல்ல உதாரணம்.

ஆகஸ்ட் 30, புதன்

ரேணுகா தம்பிக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. ஐப்பசியில் கல்யாணம். "பொண்ணு சென்ட்ரல் கவர்மென்ட் வேலை, அக்கா" என்று ஒரே ஆர்ப்பாட்டம். போட்டோ அனுப்பினாள். பெண் குனிந்த தலை நிமிரவில்லை. சேலை நல்ல மாம்பழ மஞ்சள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பேசிவிட்டேன்! முதல் இரண்டு நிமிடம் குரல் நடுங்கியது. அப்புறம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, தமிழும் இங்கிலீஷும் கலந்து அருவி மாதிரி கொட்டினேன். முடித்ததும் பேராசிரியர், "உலகம்மாள் மேடம், எக்ஸலன்ட்" என்றார். முழுப் பேரையும் சொன்னார். ஐம்பதுக்கு நாற்பத்தாறு.

ரேணுகா போனில், "அக்கா, அந்த ஸ்லைடையும் எக்செல்லையும் அனுப்புங்களேன், நான் பாத்துப் படிச்சிக்கிடுதேன்" என்றாள். உடனே அனுப்பினேன். என்னிடம் படிக்கவும் ஓர் ஆள்!

செப்டம்பர் 17, ஞாயிறு

என் அசைன்மென்டை மாதிரியாக எல்லாரும் பார்க்கும்படி இணையதளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் அல்வா வாங்கி வந்தார். கிண்டல் செய்யவில்லை, அதுதான் ஆச்சரியம். ரேணுகா இன்றைக்கு வகுப்புக்கு வரவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

ரேணுகா போன் செய்தாள். பொதுவாகத்தான் பேசினாள். தம்பி கல்யாணம் நின்றுவிட்டதாம். பெரியவர்கள் விஷயம், நமக்கென்ன தெரியும். ரெக்கார்ட் அறையில் மின்விசிறி ஓடவில்லை. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல வேண்டும். நாளைக்குத் தோசைக்கு அரைக்க வேண்டும்.

செப்டம்பர் 22, வெள்ளி

லேப்டாப்பில் இடம் போதவில்லை. அசைன்மென்ட் சம்பந்தப்பட்டதையெல்லாம் அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சத்தம். ஓர் அம்மாவும் மகளும் வந்து ரிசப்ஷனில் நின்றார்கள். அம்மாதான் அழுதுகொண்டே கத்தினாள். "எங்க பிள்ள இங்கதான மருந்து வாங்குது, வேற யாருக்குத் தெரியும்? எவன் போயி மாப்பிள வீட்டுல சொன்னான்?" என்று கேட்டாள். மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ரெக்கார்ட் அறைக் கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை.

கதவைச் சாத்திவிட்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த கட்டுகளை மறுபடி அடுக்கினேன்.

செப்டம்பர் 30, சனி

மருந்துக் கடை ஜெபக்குமாரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட் அவர்தான். சொந்த ஊர் சிவகிரி, மாப்பிள்ளை வீடும் சிவகிரி. பெரிய டாக்டர் அதைச் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார். ஜெபக்குமார் சத்தியம் செய்து பார்த்தார். கேட்கவில்லை.

போகும்போது என்னைப் பார்த்து, "வாரேன் மேடம்" என்றார். அந்தக் கட்டடத்திலேயே என்னை மேடம் என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

அக்டோபர் 1, ஞாயிறு

வகுப்பில் உட்காரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

தலைவலி இல்லை. எனக்கு நானே எழுதிக்கொள்வதில் கூடப் பொய் எழுதினால், அப்புறம் எதற்கு இந்த நோட்டு. அன்றைக்குப் போனில் ரேணுகா பொதுவாகப் பேசவில்லை. பேசியது இதுதான்:

"அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்லதுன்னே தெரியல. எங்க குடும்பத்தையே காப்பாத்திட்டிய. உங்க ஸ்லைடுல அந்த ஊரு, அந்த வயசு, போஸ்டாபீஸ் வேலைன்னு பாத்ததும் எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. அந்த ஊருல எத்தன போஸ்டாபீஸு இருக்கும்? ஒண்ணுதான? வலிப்ப மறச்சுத் தள்ளி விடப் பாத்திருக்காவ அக்கா. அம்மா உங்கள ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுதாவ."

நான் என்ன சொன்னேன்? "சரிம்மா" என்றேன். "உடம்பைப் பாத்துக்கோ" என்றும் சொன்னேன். யார் உடம்பை?

வெட்கமாக இருக்கிறது. திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். நன்றி சொன்னாளே, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

பாடப் புத்தகத்தில் நான்காவது அலகு, தகவல் தனியுரிமை. பெயரை நீக்குவது மட்டும் போதாது, வயது, ஊர், தொழில் மூன்றும் சேர்ந்தாலே ஒருவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான்காவது அலகை ஏன் முதலில் வைக்கவில்லை என்று புத்தகம் போட்டவர்கள் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரம்தான்.

இதற்குப் புத்தகம் வேண்டுமா? எங்கள் பக்கத்தில் யாரைப் பேர் சொல்லிக் கேட்டால் தெரியும்? சைக்கிள் கடை வீடு, சத்துணவு டீச்சர், லைன்மேன் பொண்டாட்டி. என்னையே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று இதே நோட்டில் முதல் பக்கத்தில் புலம்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் பேரை மட்டும் எடுத்துவிட்டு, ஆளையே எடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறேன். யாரும் பயன்படுத்தாத ஒன்றை ஒளித்துவிட்டு, எல்லாருக்கும் தெரிந்ததைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

சாயங்காலம் ஜெபக்குமார் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"மேடம், நீங்க இருவது வருசமா இருக்கிய. நீங்க ஒரு வார்த்த சொன்னா பெரிய டாக்டர் கேப்பாவ. நான் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு மட்டும் சொல்லுங்க. வேற எங்கன போயிக் கேட்டாலும், ஏன் அங்கருந்து நிப்பாட்டுனாவன்னு கேக்காவ."

"பாப்போம் ஜெபக்குமார்" என்றேன்.

அவர் போனதும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மனுஷன் ஏதாவது கிண்டலாகச் சொல்லித் தேற்றுவார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவர் பழப் பையைத் தூக்கி ஓரமாக வைத்தார். "இத நம்ம திங்காண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 12, வியாழன்

கம்ப்யூட்டரில் அந்தப் பெண்ணின் வருகையைப் பார்த்தேன். மாசம் தவறாதவள், இந்த மாசம் வரவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டாளோ? நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் கதையை நான்தானே ஸ்லைடு போட்டு விளக்கினேன்.

அக்டோபர் 14, சனி

லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனேன். ஊர் பேரை எழுதப் போவதில்லை. அவள் பேரையும் எழுதப் போவதில்லை. இவ்வளவு எழுதியதே அதிகம்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முழுப் பேரையும் சொல்லி வீடு எங்கே என்று கேட்டேன். இப்போதாவது ஒழுங்காகப் பேர் சொல்லிக் கேட்போம் என்று நினைத்தேன்.

"அப்படி யாரும் இங்கன இல்லியே" என்றாள் ஒருத்தி.

மற்றவள் இலையை நறுக்கிக்கொண்டே நிமிர்ந்தாள். "வெளியூர்லருந்து வந்து இருக்கே, அந்த வலிப்புப் பிள்ளையா? அப்படிக் கேளுங்க. நேரா போயி, கோயில் தாண்டி."

போன மாசம் வரை 'போஸ்டாபீஸ் பிள்ளை' என்றுதான் சொல்லியிருப்பார்கள். புதுப் பேர் நான் வைத்தது. திரும்பும் பஸ் ஒன்று அப்போதுதான் வந்து நின்றது, ஏறிவிடலாமா என்று கூட நினைத்தேன். பஸ் போகும் வரை நின்றேன். அப்புறம் நடந்தேன்.

ஒரு வீட்டு முன்னறைதான் போஸ்டாபீஸ். ஒரு மேஜை, ஒரு தராசு, சிவப்புப் பெட்டி. ஒரு பெரியவர் சேமிப்புப் புத்தகத்தோடு நின்றார். அவள் அவருக்குச் சத்தமாக, பொறுமையாக, இரண்டு தடவை விளக்கிச் சொன்னாள். அவர் போன பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலருந்து வாரேம்மா. ரெக்கார்ட் அறையில இருக்கேன்."

அவள் முகம் மாறியது. எழுந்து கதவை ஒருச்சாய்த்துவிட்டு வந்தாள்.

சொல்லிவிட்டேன். படிப்பு, அசைன்மென்ட், ஸ்லைடு, ரேணுகா, ஒன்று விடாமல். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சாதகமாக இரண்டு மூன்று வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். டாக்டர் அனுமதி கொடுத்தார், பேரை எடுத்துவிட்டேன், தெரியாமல் நடந்தது என்று. ஒன்றும் வாயில் வரவில்லை.

அவள் கொஞ்ச நேரம் முத்திரைக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தன மார்க்கு போட்டாவ?"

"அம்பதுக்கு நாப்பத்தாறு."

"நல்ல மார்க்குதான்" என்றாள்.

"மாத்திரைய நிப்பாட்டிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"நிப்பாட்டல. வேற ஊர்ல போயிக் காட்டுதேன். வேற பேரு சொல்லியிருக்கேன். என்ன வேலைன்னு கேட்டாவ, வீட்டுல சும்மா இருக்கேன்னு சொல்லிட்டேன்."

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நான் செய்ய வேண்டிய வேலையை அவள் செய்துகொண்டிருக்கிறாள்.

"மாப்பிள்ளை வீட்டுல நான் வேணும்னா வந்து பேசட்டுமா" என்று வாய் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. குரல் உயரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"அவுகளுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கு. நிச்சயத்துக்கு முன்னாலயே நான் சொல்லிட்டேன். பரவாயில்லன்னாவ. அவுக அம்மாட்ட மட்டும் நானே சொல்லுதேன்னு சொல்லியிருந்தேன். ஆயுத பூஜை கழிஞ்சு நேர்ல போயி உக்காந்து சொல்லணும்னு இருந்தேன். எப்படி ஆரம்பிக்கதுன்னு தெனமும் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாப்பேன். இப்ப அவுக வீட்டுல, மறச்சிட்டான்னு பேசுதாவ. அவுகளும் அம்மா முன்னால வாயத் தொறக்கல. அது என் விசயம்லா. நான்லா சொல்லணும்? நீங்க ஏன் சொன்னிய?"

நான் மேஜைமேல் இருந்த தராசைப் பார்த்தேன்.

"அதுல இன்னும் எத்தன பேரு இருக்கோம்?"

"நிறையப் பேரும்மா."

"அவுக வீட்டுக்கெல்லாம் போவியளா?"

அதுவரை அந்த மற்றவர்களை நான் நினைக்கவே இல்லை. எனக்கு அவள் ஒருத்தி ஞாபகம்தான் இருந்தது. அதுவும் மாட்டிக்கொண்டதால்.

கதவைத் திறந்துவிட்டாள். வெளியே யாரோ தபாலோடு நின்றார்கள். "வாங்க அண்ணாச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வந்துவிட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

பெரிய டாக்டரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"நான் பேரை மட்டும் எடுக்கச் சொன்னேனா? எல்லா அடையாளத்தையும்தான் சொல்லியிருப்பேன்."

அவர் அப்படித்தான் நம்புகிறார் என்று தோன்றியது. சண்டை போடத் தெம்பில்லை.

"ஜெபக்குமாரை நாளைக்கே வரச் சொல்லிடலாம். ஏதோ தப்பா புரிஞ்சிக்கிட்டோம்னு சொல்லிக்கலாம். நீங்க இதை வெளியில பேச வேண்டாம்மா. ஆஸ்பத்திரி பேர் கெட்டுப் போகும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறுதலாகக் கூட இருந்தது, அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 18, புதன்

ஜெபக்குமார் வந்துவிட்டார். மாடிப் பிள்ளைகள் கை கொடுத்தார்கள். அவர் நேராக ரெக்கார்ட் அறைக்கு வந்து, "நீங்க பேசினதாலதான் மேடம்" என்று கை கூப்பினார்.

இன்னொரு நன்றி. இதையும் வாங்கிக்கொண்டால் நான் மனுஷியே இல்லை. உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

"என் வீட்டுல பிள்ள பள்ளிக்கூடத்துக்குப் போவ வெக்கப்பட்டுச்சு" என்று மட்டும் சொன்னார். எழுந்து போய்விட்டார். மதியம் மருந்து ரசீது கொடுக்க வந்தவர், வாசலில் நின்றபடி நீட்டினார். கூப்பிடவில்லை, மேடம் என்றும் இல்லை, ஃபைல் அக்கா என்றும் இல்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

பேராசிரியருக்கு எழுதியிருந்தேன். அசைன்மென்டை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பப் பெற்றுக்கொண்டால் மார்க் பூஜ்யம், அடுத்த ஆண்டு புதிதாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார். சரி என்றேன்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாரையும் அந்த ஃபைலை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அழித்தார்களா என்று எப்படித் தெரியும்.

ரேணுகாவிடம் பேசினேன். "உன் தம்பிக்கு முன்னாலயே தெரியும், கேட்டுப் பாரு" என்றேன். "அத அவன் சொல்லட்டும்க்கா, நீங்க ஏன் சொல்லுதிய" என்றாள். மறுபடியும் அதே தப்பு. அந்தப் பெண் என்னிடம் கோபத்தில் சொன்னதை, கேட்காமலே எடுத்துக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் கொடுத்திருக்கிறேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான். முதல் தடவையும் அப்படித்தானே.

நவம்பர் 5, ஞாயிறு

படிப்பை விட்டுவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "விட்டுட்டா அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நடந்துருமா? நாலாவது பாடத்தயாவது முழுசாப் படி" என்றார். கோபம் வந்தது. படிக்கிறேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

திருநெல்வேலியில் பரீட்சை. ஊரெல்லாம் விடாத மழை. நனைந்த சேலையோடு உட்கார்ந்து எழுதினேன்.

கடைசிக் கேள்வி பதினைந்து மார்க். பெயரை நீக்கிய பிறகும் ஒருவரின் அடையாளம் எப்படி வெளிப்படும்? உங்கள் பணியிட அனுபவத்திலிருந்து ஓர் உதாரணத்துடன் விளக்குக.

பக்கத்து வரிசைகளில் பேனா ஓடியது. இந்த மண்டபத்தில் இதற்கு என்னைவிட நல்ல விடை யாரிடமும் இருக்காது. வயது போடாமல், ஊரை மாற்றி, போஸ்டாபீஸை வேறு ஏதாவது அலுவலகமாக்கி எழுதலாம்தான். ஒரு நிமிடம் மனசுக்குள் அப்படி மாற்றிக்கூடப் பார்த்தேன். எழுத ஆசையாகவும் இருந்தது, அதுதான் கொடுமை.

விளக்கத்தை முழுக்க எழுதினேன். உதாரணத்துக்குப் பாதி மார்க். அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, தாளைக் கட்டிக் கொடுத்தேன்.

"இன்னும் நேரம் இருக்கே மேடம், ஒரு பக்கம் காலியா இருக்கு பாருங்க" என்றார் கண்காணிப்பாளர்.

"தெரியும் சார்" என்றேன். அது நான் சொல்ல வேண்டிய கதை இல்லை.